பத்தரை மணிக் கட்டம்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எண்கள் எழுதத் தெரியும், எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்க வரும். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு அது போதும். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, எத்தனை பீஸ் பார்த்தோம் என்று தாளில் உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

என் மருமகள் வேறு மாதிரி. இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பவர் எலக்ட்ரானிக்ஸ். கரண்டை வெட்டி, ஒட்டி, வேண்டிய அளவுக்குத் தைத்துக் கொடுக்கிற படிப்பு என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தாள். மின்வெட்டு அதிகமாகிவிட்ட வருஷங்கள் அவை. கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு மாறி, மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்று ஒன்றாகக் கிளம்பி, வாரத்துக்கு ஒரு மோட்டாராவது புகைந்துவிடும். அதற்கென்று அவள் ஒரு பெட்டி செய்தாள். வோல்டேஜ் எகிறாமலும் விழாமலும் அது பிடித்துக்கொள்ளுமாம். என் மகன் முதலாளியிடம் கேட்டு, எங்கள் லைனில் இருபது மெஷினுக்கு முன்னால் அதை மாட்ட வைத்தான். பெட்டிமேல் ஒரு மீட்டர் இருந்தது.

"தானா எழுதிக்கிற மெஷின் காலேஜ்ல ஒன்னே ஒன்னுதானுங்க அத்தை. அது வேற ஒருத்தருகிட்ட மாட்டிக்கிச்சு" என்றாள் மருமகள். "நீங்க பக்கத்துலயேதான இருக்கறீங்க. கால் மணிக்கொருக்கா மீட்டர்ல என்ன நம்பர் காட்டுதோ, அதைய இந்தத் தாள்ல எழுதிருங்க. பத்து நாளைக்குப் போதும்."

அவள் கொடுத்த தாளிலும் கட்டங்கள்தான். பத்து நாளும் ஒரு கட்டம் விடாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, "எங்க லேப்ல இருக்கறவங்களே இத்தன சுத்தமா எழுத மாட்டாங்க அத்தை" என்று சொன்னபோது, எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

பல மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கட்டுரையை வெளிநாட்டு ஆராய்ச்சி ஜர்னல் ஒன்று ஏற்றுக்கொண்டது என்று வீடே குதித்தது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கச் சொல்லிப் பக்கங்களை அனுப்பியிருந்தார்கள். மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கட்டுரை வந்துவிட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

அந்த ஜர்னலில் வேறென்ன வருகிறது என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பல்லடம் பக்கம் சுற்றுகிற மாதிரி காற்றாலைகளின் கரண்டை ஒழுங்குபடுத்துவது, வெயில் பலகையிலிருந்து மோட்டார் ஓட்டுவது, கரண்டில் ஓடும் காருக்கு பேட்டரி ஏற்றுவது. சுவிட்சைப் போட்டால் வருகிற சாமானுக்கா உலகம் முழுக்க இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"அந்த ஜர்னலுக்கு எத்தன மார்க்குன்னு கேளுங்கம்மா" என்றான் மகன்.

"ரெண்டுக்கு மேலீங்க அத்தை."

"நூத்துக்கு ரெண்டா!" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நூத்துக்கெல்லாம் இல்லீங்க. இதுல வந்த கட்டுரைய மத்தவங்க அவங்க கட்டுரையில எத்தன தடவை எடுத்துக் காட்டியிருக்கறாங்கன்னு பாத்து ஒரு நம்பர் போடுவாங்க. இம்பாக்ட் ஃபேக்டர்னு பேரு. எங்க படிப்புல ரெண்டு தாண்டறதே பெருசு."

பிறகு பக்கங்களைக் கட்டில்மேல் பரப்பி, நடுவில் இருந்த படத்தைக் காட்டினாள். ஒரு கோடு சின்னச் சின்னதாக நெளிந்து போய், ஓரிடத்தில் அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது.

"இதான் முக்கியமானது. பத்தரைக்கு இருபது மெஷினும் ஒன்னா நிக்குது. பத்தே முக்காலுக்கு ஒன்னா கெளம்புது. எங்க கோடு அசையுதுங்களா பாருங்க! கட்டுரையப் பரிசோதிச்ச ரெண்டு பேருமே இதையத்தான் மெச்சி எழுதியிருக்கறாங்க."

பத்தரை என்றதும் நான் மறுபடியும் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

பத்தரைக்கு டீ மணி. வெள்ளைத் துணி கறையாகிவிடும் என்று உள்ளே டீ குடிக்க விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே போய்க் குடித்துவிட்டு நான் மேசைக்குத் திரும்புவதற்குள் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருக்கும். அந்த இரண்டு கட்டத்திலும், பத்தேகாலுக்கு இருந்த எண்ணையே எழுதியிருந்தேன். பத்து நாளும். கம்பெனித் தாளிலும் அப்படித்தான் எழுதுவோம். கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் தாளையே வீசுவார். தெற்கத்திக்காரர். "ஏக்கா, வேலைக்கு வந்தியளா, கோயிலுக்கு வந்தியளா?" என்பார். தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இருபது வருஷப் பழக்கம்.

அவள் மெச்சிய நேர்க்கோடு நான் டீ குடித்த நேரம்.

"கண்ணு, இதைய எத்தன பேரு எடுத்துக் காட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"யாருக்குத் தெரியுமுங்க? அம்பது பேரு எடுக்கலாம். அவங்களப் பாத்து இன்னும் நூறு பேரு."

கட்டிங் மேசையில் அளவு அட்டை அரை இன்ச் பிசகினால், அடுக்கி வைத்த அத்தனை துணியும் பிசகும். எனக்கு அதுதான் ஓடியது. மகன் ஸ்வீட் வாங்கப் போனான். அவள் மாடியில் துணி எடுக்கப் போனாள். மூன்று தடவை படிவரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை ஏறிவிட்டேன்.

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். "வெளையாடாதீங்க அத்தை."

"இல்ல கண்ணு. நான் பாக்காமத்தான் எழுதுனே."

"பத்து நாளுமுங்களா?"

"பத்து நாளும்."

கையிலிருந்த துணியோடு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு தலை நிமிர்ந்து, "எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டுமென்று செய்ததாக அவள் நினைக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கீழே ஓடினேன். சமையலறை அலமாரித் தட்டில் கம்பெனியின் பழைய தாள்களைத்தான் விரித்திருந்தேன். உப்பு ஜாடியைத் தூக்கி ஒரு தாளை உருவிக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். பத்து மணிக் கட்டத்தில் என்ன எண்ணோ, அதே எண் பத்தரைக் கட்டத்தில். வரிசையாக எல்லா நாளும். அவள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"காலியா உட்டா வைவாங்க கண்ணு."

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு, தன் பேராசிரியருக்கு போன் செய்தாள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசியது கேட்டது. "யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்கன்னு சொல்றீங்க சார். எங்க அத்தைக்குத் தெரியுமுங்களே."

மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் புதுத் தாள் ஒன்றை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். "பாக்காட்டிக் காலியா உட்டுருங்க அத்தை. காலியா இருந்தா நான் வைய மாட்டே" என்றாள்.

அன்று டீ மணி அடித்தபோது நான் மீட்டருக்கு முன்னாலேயே நின்றேன். பக்கத்து மேசைப் பெண் போகிற போக்கில், "என்னக்கா, அதுக்கும் ஒரு டீ வாங்கியாரவா?" என்றாள். மெஷின்கள் நின்றன. மீட்டரில் எண் சரசரவென்று ஏறியது. கால் மணி கழித்து எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியபோது தொபுக்கென்று விழுந்து, மெதுவாக நிமிர்ந்தது. பெட்டி பிடிக்கவில்லை. அவளுக்கு நல்லதாக ஓர் எண் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பேனா நின்றதும் உண்மை. கண்ணில் கண்டதையே எழுதினேன்.

சாயங்காலம் அவள் அந்தத் தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். "குதிக்குதுங்க அத்தை" என்றாள். அந்த வாரமே பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, திருத்திய பெட்டியோடு அவள் கட்டுரை வந்தது, வேறொரு ஜர்னலில். அதன் இம்பாக்ட் எண் ஒன்றைக்கூட எட்டவில்லையாம். பட்டமும் அவ்வளவு தள்ளித்தான் வந்தது. கோட்டுப் படம் இருந்த பக்கத்தை எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். அதில் பத்தரை மணியில் கோடு கன்றுக்குட்டிக் கொம்பு மாதிரி கொஞ்சம் முளைத்து நிற்கும்.