பத்து மணி வகுப்புக்குச் சந்தியா வந்த வழி

சனிக்கிழமை காலை 6.40. மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் போய்வரும் சாலைதான். ஆனால் அப்போதெல்லாம் நான் வகுப்பு எடுக்கும் அறக்கட்டளையின் கார் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி அடித்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். இன்று ஜன்னல் பாதியில் சிக்கிக்கொண்டு நகரவில்லை.

நான் ஓவிய ஆசிரியை. கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். ஆரம்பிக்கும் நேரம் காலை பத்து மணி. அங்கே எல்லோரையும்விட நன்றாக வரைகிறவள் சந்தியா, பதினாறு வயது. சில வாரம் பத்துக்கே வந்து நிற்பாள், சில வாரம் பதினொன்றரை ஆகிவிடும். "வீட்ல கடிகாரம் இல்லயா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு கரும்பலகையில் எழுதியிருந்த மாணவர் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனவள் பிறகு வரவில்லை.

மனம் கேட்காமல் அவளைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசைதான். அது பொய். மறுநாள் சென்னையிலிருந்து நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அறக்கட்டளைக் கையேட்டின் அட்டையில் இறால் பிடிக்கும் பெண்ணை வரைந்தது யார், அவளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வரைந்தது சந்தியா.

8.05, சிதம்பரம் பேருந்து நிலையம். கிள்ளை டவுன் பஸ்ஸைக் காணோம்.

"எட்டு மணி வண்டி போயிடுச்சும்மா. இனிமே ஒம்பதே முக்காலுக்குத்தான்" என்றார் நேரக் காப்பாளர்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத வண்டி அது. என்னிடம் முப்பது ரூபாய் இருந்ததால் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

"எங்கக்கா எறங்கணும்?" என்றார் ஓட்டுநர். குடியிருப்பைச் சொன்னேன். "அங்க வண்டி போவாது. ரோட்டுல எறக்கி உடறேன், கரை மேலயே நடந்துடுங்க. மழ பேஞ்சா அதுவும் கஷ்டம்."

9.10க்கு நடக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் இறால் பண்ணைக் குட்டைகள், நடுவில் ஓரடி அகல மண் கரை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சந்தியாவைக் கேட்டேன்.

"அவளும் அவ அம்மாவும் தண்ணியில இருக்காங்க. அந்தாண்ட பாருங்க."

உப்பங்கழியில் இரண்டு தலைகள் தெரிந்தன. தாடை தண்ணீரில் படக் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடை ஆளுக்கொன்று எதிரே மிதந்தது. அதன் கயிறு பல்லில் இருந்தது.

சந்தியா முதலில் அப்படித்தான் வரைந்திருந்தாள். "கூடைய யாராவது வாயில கடிப்பாங்களா? கையில குடு" என்று அழிக்கச் சொன்னது நான். அட்டையில் அச்சானது என் திருத்தம்.

அவள் கரையேறி வந்தாள். கைகளில் கிளிஞ்சல் கிழித்த கோடுகள். அந்தக் கைகளைத்தான் வகுப்பில், "கழுவிட்டு வா, பேப்பர்ல மீன் நாத்தம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மிஸ்! எப்படி வந்தீங்க? நடந்தா வந்தீங்க?"

"உன்னப் பாக்கத்தான்."

அவள் முகம் மலர்ந்தது. சற்று யோசித்தாள். "நாளைக்கு யாராச்சும் வராங்களா மிஸ்?"

இரண்டாவது பொய் வரவில்லை. "ஆமா. நீ வரணும்."

"நாளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் தண்ணி வத்தும். அம்மா தனியா பிடிக்க முடியாது. தெனமும் நேரம் மாறும் மிஸ். சீக்கிரமா வத்துற ஞாயித்துக்கெழம நான் பத்துக்கெல்லாம் வந்துடுவேன்ல?"

"இத ஏன் சொல்லல?"

"நீங்க கடிகாரம்னுதான கேட்டீங்க."

அவள் அம்மா வள்ளி கூடையைக் கரையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "டீச்சருக்குக் குடிக்க எதுனா குடு" என்றார்.

கூடையையும் பேரையும் பற்றி மன்னிப்புக் கேட்டேன். சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் பாக்க அடிச்சீங்க மிஸ். எல்லாரும் பாக்க எழுதுவீங்களா?"

எழுதுவேன் என்றேன். வகுப்பை இனி இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். எந்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று அவளே பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது மணி 1.50. கால் வீங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை போய்வந்ததற்கே.

ஞாயிற்றுக்கிழமை கீழ வீதி மாடியில் விருந்தினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சாக்பீஸை எடுத்துச் சந்தியா என்று பெரிதாக எழுதினேன். இந்தப் பெயரை அடித்தது என் தப்பு, படத்தைக் கெடுத்ததும் நான்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். விருந்தினர் ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது மணி பதினொன்று. பார்க்க வேண்டியவள் கூடைக் கயிற்றைக் கடித்தபடி தண்ணீரில் இருந்திருப்பாள்.