‘மே’ என்றால் எந்தப் பக்கம்?

எண்பதுகளின் தொடக்கம். போடியில் எலெக்ட்ரிக் வயரிங் வேலை பார்த்து வந்தேன். மலை உச்சியில் உள்ள போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கும் சரிவில் இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கூப்பிட்டார்கள். காய் உலர்த்தும் இரண்டு அறைகளிலும் ஈரக்காற்றை வெளியேற்ற ஃபேன் மாட்ட வேண்டும். மாட்டினேன். சுவிட்சுகளை, சற்றுத் தள்ளியிருந்த ஜெனரேட்டர் கொட்டகையில் வைத்து, மேற்கு அறைக்கு ‘மே’, கிழக்கு அறைக்கு ‘கி’ என்று பெயின்டில் அழகாக எழுதிவிட்டு ஜீப் ஏறினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

பத்து நாளில் ஆள் வந்தது. ஓர் அறைக் காய் முழுக்கப் பச்சை நிறம் போய் வெளுத்துவிட்டதாம். உலர்த்தும் பொறுப்பில் இருந்த பெண்ணை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். போய்ப் பார்த்தேன். ஃபேன் இரண்டும் ஜம்மென்று ஓடின.

“ஃபேன்ல கோளாறு இல்ல சார். சுவிட்சை மாத்திப் போட்டிருக்காங்க” என்றேன். என் பெயர் தப்பியதே என்ற நிம்மதியில் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. “அண்ணே, இத்தன நாளும் ரெண்டு ரூமும் ஓடுச்சு. காய் வெளுத்த அன்னைக்கு மேல ரூம்ல மட்டுந்தான் காய். ‘மே’யத்தான் போட்டேன். மேலன்னா எதுண்ணே? கைய நீட்டிக் காட்டுங்க” என்றார்.

மேற்கே நீட்டினேன். கை பள்ளத்தைக் காட்டியது. சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

போடிக்காரனுக்கு மலை மேற்கே இருக்கிறது. மேடும் மேற்கும் எங்களுக்கு ஒன்றுதான். மெட்டைத் தாண்டிய அந்தச் சரிவிலோ மேடு கிழக்கே. அங்கே யாரும் திசை சொல்வதில்லை. மேட்டில் இருப்பது மேல ரூம், பள்ளத்தில் இருப்பது கீழ ரூம். என் ‘மே’யை மேல என்றும் ‘கி’யைக் கீழ என்றும் அல்லாமல் அவர்கள் வேறு எப்படிப் படிப்பார்கள்? அவர் ‘மே’யைப் போட்டதும் ஓடியது, காய் இல்லாத கீழ ரூம் ஃபேன்.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் ஒத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. எழுத்தை மாற்ற நான் பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது அந்தப் பெண் தடுத்தார்.

“எழுத்தே வேணாம்ணே. நாளைக்கு மலையாளத்து ஆளுக சோலிக்கு வந்தா அவுகளுக்கும் தெரியணும்ல? ரூம் நிக்கிற மாதிரியே சுச்சும் நிக்கட்டும்.”

அசந்துபோனேன். மேட்டுப் பக்கம் உயரத்தில் ஒரு சுவிட்ச், பள்ளத்துப் பக்கம் தாழ்வாக ஒன்று என்று மாட்டிக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மேல ரூம் சுவிட்சைத் தட்டிக் காட்டினார். எத்தனையோ போர்டு மாட்டியிருக்கிறேன், இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு எங்கே வயரிங் செய்யப் போனாலும், “இந்த ரூமை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்ட பிறகுதான் பையைத் திறந்தேன். நான் எழுதிய இரண்டு எழுத்தால் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு மலையிறங்கியிருக்கும் என்பதை நினைத்தால், இன்றும் எனக்குக் கை கூசுகிறது.