கண்ணை மூடாமல் கும்பிட்டவர்

என் அப்பா சாமி முன்னால் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பிழைக்க வந்த வெளிமாநில ஊரான கட்கியில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு முருகன் கோயில் இருந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை மொத்தக் கூட்டமும் கண்ணை மூடி உருகும்போது, அவர் மட்டும் பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கை என் தோள்மேல் இருக்கும். நல்ல கனமான கை. அந்தக் கனம் எனக்குப் பெருமை. மற்ற அப்பாக்கள் பெண்பிள்ளைகளைத் தொட்டுக்கூடப் பேசாத இடத்தில், என் அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன். பாசம் இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

பிம்ப்ரிப் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு வேலை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புச் சாமான்களைத் தின்னர் தொட்டியில் முக்கி, துடைத்து எடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத கொட்டகை. மூக்குக்கு ஒரு துணி, அதுவும் அம்மா கிழித்துக் கொடுத்த பழைய புடவை. சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிய அந்த வாடை என்ன தேய்த்தாலும் போகாது. எனக்கு அது அப்பாவின் வாசனை, அவ்வளவுதான்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். காண்ட்ராக்டில் கிடந்த அப்பாவைப் பர்மனன்ட் ஆக்க யார் யார் காலையோ பிடித்து முக்கால்வாசி முடித்துவிட்டார். கம்பெனி டாக்டரின் மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால், அதே கொட்டகையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதே டாக்டரிடம் போய், பாவம், தனக்குத் தலை சுற்றுகிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தார். அன்ஃபிட் என்று அவரை வேலையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அவர் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'தலை சுத்துது' என்ற பேச்சுக்கே தடை. தட்டாமாலை சுற்றிவிட்டு வந்து ஒருநாள் நான் அதைச் சொல்லப்போய், அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

அப்பா முகம் கழுவும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கரண்ட் போனால் அது வரும்வரை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

"இருட்டுன்னா பயமாப்பா?" என்று கேலி செய்வேன்.

"ஆமா பாப்பா. பேய் புடிச்சிக்கும்."

நானும் அவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை மெடிக்கலுக்கு முந்தைய வாரம் வந்தது. கோயிலில் நெரிசல். சர்க்கரைப் பொங்கல் வாசனை மூக்கைத் துளைத்ததும் நான் அப்பாவின் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போய் வரிசையில் நின்றுகொண்டேன். தொன்னையை வாங்கிக்கொண்டு திரும்பினால், மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, எப்பப் பாரு சாமிய மொறைச்சிக்கினே நிக்கிற? அடுத்த வாரம் மெடிக்கல். இன்னிக்காவது கண்ண மூடி நல்லபடியா வேண்டிக்கோ."

"அண்ணா, அவர வுடுண்ணா," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. மூடு மாப்ள, நான் சொல்றேன்ல."

அப்பா தன் பக்கத்தில் நான் எப்போதும் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கைகூப்பிக் கண்ணை மூடினார். முன்னால் கொஞ்சம் ஆடினார். பின்னால் ஆடினார். அப்படியே சாய்ந்து குருக்களின் கற்பூரத் தட்டின்மேல் போய் விழுந்தார். தட்டு தரையில் உருண்டு ஓடி, விபூதி எல்லார் காலிலும் கொட்டியது.

"தண்ணி போட்டுட்டு வந்துட்டான்யா!" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் குனிந்து சட்டையை முகர்ந்து, "ஆமா, வாடை குப்புனு அடிக்குது," என்று சாட்சியும் சொல்லிவிட்டார்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "குடிச்சியா மாப்ள? இல்ல, தலகில சுத்துதா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"குடிச்சேன் மச்சான். கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சி."

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தூ! நல்ல நாளும் அதுவுமா!" என்று கத்தினார். ஆனால் முகத்தில் நிம்மதி. அம்மா கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாளே பார்க்கணும்! "நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? என் மானத்த வாங்கிட்டியே!" என்று தெருக்கோடி வரை ஏசிக்கொண்டே அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போனாள். ஒருநாளும் அவரை 'ய்யா' போட்டுப் பேசியவளில்லை.

நான் தொன்னையோடு பின்னால் போனேன். காலையிலிருந்து அப்பாவோடுதான் இருந்தேன். விரதம் என்று டீகூடக் குடிக்காதவர். ஆனால் அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே, இனி நான் யாரை நம்புவது? அவமானத்தில் அழுகை அழுகையாக வந்தது. ஸ்கூலில் பிள்ளைகள் தள்ளாடி நடந்து காட்டினார்கள். வெகுநாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மெடிக்கலில் அப்பா தேறிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இப்போது ஹிஞ்ஜவடியில் வேலை, வாகடில் வீடு. காலையில் போகிற வழியில் பாதி ஆயுசு, வருகிற வழியில் மீதி. போன மாதம் அப்பா குளியலறையில் விழுந்ததால் லீவு போட்டுவிட்டு ஔந்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார் அவர். அப்பா மூடவில்லை. கை மட்டும் காற்றில் நீண்டு என் தோளைத் தேடியது.

என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை காலமாக இப்படி, குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல சார்," என்றார் அப்பா, வெகு சாதாரணமாக.

திரும்பும்போது டிராஃபிக்கில் கார் நகரவே இல்லை. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"அப்ப அன்னிக்குக் கோயில்ல?"

"குடிகாரன்னா காலைல தெளிஞ்சிடுவான் பாப்பா. கம்பெனில பாதிப் பேரு குடிக்கிறவன்தான். தல சுத்துறவன எவன் வெச்சிப்பான்? மெடிக்கல்ல நல்லவேள, கண்ணத் தொறந்துக்கினு பண்ற டெஸ்டுதான்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு அம்மா எனக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தாள்: "கோயில்ல அப்பாவ வுட்டு இப்படி அப்படி நகராத." எங்கேயாவது நழுவிப் போய்க் குடித்துவிடுவார் என்று என்னைக் காவல் வைத்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். வேண்டாவெறுப்பாக நிற்பேன். அப்பாவின் கை முன்னைவிடக் கனமாக என் தோளை அழுத்தும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகா, அப்பா குடியை விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

அப்பா அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை. கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.