சந்தனம் வச்ச கம்ப்யூட்டர்

தேயிலத் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற நோர்வூட் டவுன்ல ஒரு கம்யூனிகேஷன் கடையில நான் வேல பார்த்தேன். கடையில இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன புள்ளைங்களோட அம்மாமாருங்க அதுலதான் மகளோட பேசுவாங்க. போன்ல பேசக் கட்டுப்படியாகாது. அந்த ஒரு வெள்ளிக்கிழமைய இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அன்னிக்கு வந்தது, மேல் டிவிஷன்ல கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. மக குவைத்துல. மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமதான் எஜமானி அவள வெளிய விடுவா. அங்க ஒரு கடையில உக்காந்து கம்ப்யூட்டர்ல கூப்பிடுவா. கொஞ்ச காலமா அதுவும் இல்ல, நல்லா இருக்கேன்னு கடுதாசி மட்டும் வந்துச்சு. இந்த வெள்ளிக்கிழம கூப்பிடுறேன்னு கடைசிக் கடுதாசியில இருந்துச்சு. அக்காவுக்கு கடுதாசியில நம்பிக்கையில்ல.

"எழுதுறத யாரும் எழுதலாம் புள்ள. அவ கொரலக் கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்"னாங்க. அரைப்பேரு, அதான் அரைநாள் சம்பளம், போனாலும் போகட்டும்னு மத்தியானமே மலையிலருந்து எறங்கி வந்திருந்தாங்க.

லைன் கெடச்சுச்சு, மகளும் வந்துட்டா. சத்தம்தான் வரல. இன்டர்நெட்ட வெட்டுனா ஸ்பீக்கர்ல பாட்டு கணீர்னு கேக்குது, இன்டர்நெட் வந்தா ஊமையாகிருது. அக்கா மைக்கப் புடிச்சிக்கிட்டு கத்துறாங்க. அந்தப் பக்கத்துலருந்து எழுத்துதான் வருது: அம்மா, பேசுங்க.

முதலாளி கல்லாவுல உக்காந்துக்கிட்டு டெலிபோன் லைனத் திட்டுறாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பார்த்தா, கோளாறுன்னு மஞ்சக் குறி நிக்குது. பெட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பர்லதான் அது கம்ப்யூட்டரக் கூப்பிடும். சவுண்ட் கார்டும் மோடமும் ஒரே நம்பர்ல நிக்குது. ஒரே தண்ணிப் பீலியில ரெண்டு பேரு கொடத்த வச்சா என்னாகும்? ஒண்ணு எழும்புனா மத்தது படுத்துக்கிது. நான் லீவுல போறதுக்கு முந்தி அப்படி இல்ல.

பெட்டிக்குள்ள யாரு கைய வச்சதுன்னு கேட்டேன். முதலாளிதானாம். பெருமையா வேற சொல்றாரு. முந்தி தேயில ஃபேக்டரியில மெஷின் பார்த்தவரு. அங்க ஆயுத பூசைக்கு எல்லா மெஷினையும் கழட்டித் தொடச்சுப் பொட்டு வைப்பாங்க. நான் லீவுல இருந்தப்ப இதுக்கும் அதையே பண்ணியிருக்காரு. தொறந்தா, ஒவ்வொரு கார்டுலயும் சந்தனம், குங்குமம். மோடத்த வேற எடத்துல சொருகியிருக்காரு.

சாமி கும்புடுறத நான் குத்தம் சொல்லல. பெட்டிக்கு மேல மாலையே போடுங்க, யாரு வேணாம்னா? கழட்டுனவருக்கு எது எங்க இருந்துச்சுன்னு பார்க்கக் கண்ணு இல்லையா? புள்ளையார் புடிக்கப்போய்க் கொரங்கான கததான்.

கொஞ்சம் இருன்னு மகளுக்கு எழுதிட்டு, மோடத்தப் பழைய எடத்துல சொருகி மறுபடி போட்டேன். அந்தச் சனியன் எழும்புறதுக்கே ஒரு யுகம். பொறவு லைனு வேற சுத்தணும். அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு, இருப்பாளா, இருப்பாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

சத்தம் சரியாகிருச்சு. மக இல்ல. கடைசியா ஒரு வரி எழுதிட்டுப் போயிருந்தா. முதலாளி எழும்பி வந்து, பாத்தியா, சரியாகிருச்சுல்லன்னு சொல்லி ஒரு பக்திப் பாட்டப் போட்டாரு. நான் ஸ்பீக்கர் வயரப் புடுங்கி எறிஞ்சேன்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கான்னு கேட்டாங்க. வாசிச்சேன்: "அம்மா, நேரமாச்சு. நான் நல்லா இருக்கேன்."

அவங்க என் மொகத்தையே பார்த்தாங்க. "ஒன் கொரல் நடுங்குதே புள்ள. அவ வேற என்னமோ எழுதியிருக்கா. நீ மறைக்கிற."

கோவத்துலதான் நடுங்குதுக்கா, வேற ஒண்ணும் எழுதலன்னு எத்தனையோ தடவ சொன்னேன். முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாங்க. நான் சொன்னத அவங்க நம்பவே இல்ல.