பீர்ஷெபாவிலிருந்து வராத அழைப்பு

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு வேலை பழக்கியவள் ஒரு யூதப் பெண். அங்கே தாதியாக இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள், தாயோடு வசித்தாள். எங்களை முதலில் சேர்த்துவைத்த விஷயம் பெயர்தான். தொலைபேசியில் எங்கள் பெயரைச் சொன்னால் எல்லோரும் எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள், அவளிடமும் கேட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில், இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில், வன்னியிலிருந்த என் அண்ணாவின் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் போனது. வேலைக்கு வருவேன், கையில் போனை வைத்துக்கொண்டு இருப்பேன். தேநீர் இடைவேளையில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து மண்டரின் தோடம்பழத்தை உரித்து என் முன்னால் வைப்பாள். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணியும் பிள்ளைகளும் முகாமில் இருக்கிறார்கள், அண்ணா இல்லை என்று பிறகு செய்தி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவள், கதிரை கொடுத்தும் வாங்காமல் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். செத்த வீட்டில் தங்கள் ஆட்களும் கதிரையில் இருப்பதில்லை, தரையோடுதான் இருப்பார்கள் என்று என் காதில் சொன்னாள்.

அடுத்த வருடம் அவளுடைய தாய் இறந்துபோனார். ஹங்கேரியில் இரண்டாம் உலக யுத்தத்துக்குத் தப்பிப் பிழைத்து வந்த மனிஷி. தாய் போன பிறகு அவளுக்கு சிட்னியில் கால் பாவவில்லை. வீட்டை விற்றாள், வேலையை விட்டாள், இஸ்ரேலுக்குப் போனாள். சிட்னியிலேயே இருந்த அவளுடைய தமையன் அதை ஏற்கவில்லை. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

போய் இறங்கிய அன்றே ஸ்கைப்பில் வந்தாள். விமான நிலையத்தில் இருந்த பெண் அவள் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டச் சொல்லாமலே எழுதிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அழுதாள். நானும் அழுதேன்.

அவளைத் தெற்கே பீர்ஷெபாவில் ஒரு மாடிக்குடியிருப்பில் குடியேற்றினார்கள். அங்கே தாதியாக வேலை செய்ய ஹீப்ரு மொழியில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். நாற்பத்தாறு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் தடவை தவறினாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாம் தடவை தவறியபோது சிரிக்கவில்லை. கடையில் வாயைத் திறந்தால் உடனே ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்றாள். பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும் அவ்வப்போது கதவைத் தட்டி ஏதாவது சாப்பிடக் கொடுப்பாராம். சிறுவயதில் கொச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்த யூதப் பெண்மணி. நீயும் அந்தப் பக்கம்தானே என்று என்னிடம் சொல்லி ஒருநாள் அவரைக் கணினிக்கு முன்னால் கூட்டிவந்து இருத்தினாள். அவர் மலையாளத்தில் பேச, நான் யாழ்ப்பாணத் தமிழில் பேச, பாதி புரிந்தது. இனி ஏதாவது அவசரமென்றால் இவரிடம் கேள் என்று விளையாட்டாக அவருடைய எண்ணையும் தந்தாள்.

மூன்றாம் பரீட்சையின் முடிவு வரவேண்டிய வாரத்தில் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாட்கள் போகப் போக மணியும் நின்று, போன் அணைந்திருப்பதாகச் செய்தி வந்தது. எனக்கு அந்த மே மாதம் திரும்ப வந்துவிட்டது. அவள் வேலையாய் இருப்பாள், சும்மா மண்டையைக் குழப்பாதே என்றார் என் கணவர். அவளுடைய தமையனின் கடை நகரத்தின் மறுபக்கம், பொண்டாய் கடற்கரையில் இருந்தது. ரயிலும் பஸ்ஸும் பிடித்து அங்கே போனேன். அவர், இஸ்ரேலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, இனி அவள் பாடு என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பினார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே கொச்சி அம்மாவின் எண்ணை அழுத்தினேன். அங்கே அப்போது காலை. அவர் ஹீப்ருவில் ஏதோ கேட்டார். என் வாயில் தமிழ்தான் வந்தது.

"அம்மா, நான் சிட்னியிலயிருந்து கதைக்கிறன். உங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் எடுக்குதில்லை. கதவைத் தட்டிப் பாருங்கோ."

"ஆரு, மோளே? ஆ கூட்டுகாரியோ?" என்று, அந்தச் சிநேகிதியா எனக் கேட்டார்.

"ஓம் அம்மா. எனக்குப் பயமாயிருக்கு."

"ஞான் போயி நோக்காம்," என்றார், போய்ப் பார்க்கிறேன் என்று. போனை வைக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கையால் பலகையில் அடிக்கும் சத்தம். அவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அடித்தார். திரும்பக் கூப்பிட்டார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து பூட்டில் திறப்பு திரும்பியது. கொச்சி அம்மாவின் குரல் உடைந்து போனது. "தெய்வமே, எந்தா மோளே இது," என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது.

உயிரோடு இருந்தாள். பரீட்சையில் திரும்பவும் தவறியிருந்தாள். கட்டிலை விட்டு எழும்பாமல், தண்ணீரைத் தவிர ஒன்றும் எடுக்காமல் கிடந்திருக்கிறாள். கொச்சி அம்மா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார், வந்த பிறகு தன் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்தார். தமையன் இதைக் கேட்டதும் அந்த வாரமே விமானம் ஏறினார். அவளைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். எங்கள் வரவேற்பறையில் அவளுக்குப் படுக்க இடமும் ஒதுக்கினேன். தனியாகத் திரும்பி வந்தார்.

நான் அழைத்து, தயவுசெய்து வந்துவிடு என்று மன்றாடினேன். அவள் மாட்டேன் என்றாள்.

"உன்னால் உன்னுடைய ஊருக்குப் போக முடியாது. என்னால் போக முடிந்தது. போன இடத்திலும் சரிவரவில்லை என்று திரும்பி வந்தால், அதற்குப் பிறகு எனக்குப் போக ஓர் ஊர் இருக்கிறது என்று நான் எப்படி நினைத்துக்கொண்டிருப்பேன்?"

வரவேற்பறையில் அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் கதிரைகளைத் திரும்பப் போட்டேன்.

பிறகு அவள் பரீட்சை எழுதவில்லை. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டில் விரிக்கும் வேலை. அழைப்புகள் குறைந்தன. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒரு சனிக்கிழமை, மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் நிற்கும்போது கூப்பிட்டாள். முந்தின நாள் என்ன வேலை செய்தாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு ஹீப்ருச் சொல்லைச் சொன்னாள். இல்லை, ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்று தேடினாள். தலைக்கு வைப்பதற்கு மேலே போடுவோமே, அந்தத் துணி என்றாள்.

"பில்லோ கேஸ்," என்றேன்.

"அந்த மொழி இன்னும் வந்து சேரவில்லை," என்றாள். "இது போகத் தொடங்கிவிட்டது."

கோயிலுக்குள் பூசை மணி அடித்தது. என் கணவர் உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார். நான் செருப்பைக் கழற்றாமல் காரடிக்கு நடந்து போய், கதவைத் திறந்து உட்கார்ந்து, வேறு என்ன வேலை செய்தாய், சொல்லு என்று கேட்டேன்.