பாதியில் விடாத தேசம்மா

போன செவ்வாய்க்கிழமை காலை வானகரத்தில் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது தேசம்மாவின் மகள் கவிதா கைப்பேசியில் அழைத்தாள். "அம்மா நம்மள உட்டுட்டுப் பூட்டாங்க சார்" என்றாள். வேப்பம்பட்டு வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து சரிந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று துக்கத்துக்காக அந்தத் தெருவில் கூடியிருந்த உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. தேசம்மாவுக்கு உங்கள் எல்லார் பெயரும் தெரியும். யாருக்கு எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட், யார் வீட்டில் யார் குடிக்கிறார், எல்லாமே தெரியும். அவரிடம் மாத்திரை வாங்கி விழுங்கிப் பிழைத்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். காசநோய்க்காக வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தின் அம்பத்தூர் அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐரோப்பாவில் இருந்த ஓர் உதவி அமைப்பு எங்களுக்கு நிதி கொடுத்தது. தேசம்மா எங்கள் களப்பணியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அயனம்பாக்கத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் மனைகளானபோது இவர் எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனிக்குப் போனார். அங்கே காசநோய் வந்தது. குணமானதும் எங்களிடம் வேலைக்கு வந்தார்.

சேர்ந்த முதல் வாரமே அவரோடு ஒரு நாள் மின்சார ரயிலில் போனேன். ஆவடியில் ஏறிய ஒருவர் விடாமல் இருமினார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நானும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேசம்மா எழுந்துபோய், காலியான அந்த இடத்தில் உட்கார்ந்தார். "அண்ணாத்தே, எத்தினி நாளா கீது இந்த இருமல்?" என்று கேட்டார். அம்பத்தூர் வருவதற்குள் அந்த மனிதர் சளிப் பரிசோதனைக்குச் சம்மதித்திருந்தார். நான்கு ஆண்டு கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு உலகமெங்கும் வங்கிகள் சரிந்த காலம் வந்தது. செய்தித்தாளில் படித்தோம். அது யாருக்கோ நடப்பது என்றிருந்தோம். சில மாதங்களில் எஸ்டேட்டில் ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு மூன்றாவது ஷிப்ட் போனது, பிறகு காண்ட்ராக்ட் ஆட்கள் போனார்கள். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அந்த ஆட்கள்தான். வாடகை கொடுக்க முடியாமல் அறையைக் காலி செய்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறு பக்கம் போனார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க முன்னைவிட அதிக ஆட்கள் தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நிதி நிறுத்தப்படுகிறது என்று சொல்ல வந்திருந்தார்.

நல்ல மனிதர். நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தவர். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். தேசம்மா எழுந்தார்.

"அவுங்க ஊர்ல பேங்கு முழுகினா இங்க என் ஆளு ஏன் சார் சாவணும்? கேளுங்க."

அதை அப்படியே சொல்ல எனக்குத் துணிவில்லை. நோயாளிகளின் நிலை குறித்து எங்கள் ஊழியர் கவலைப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். தேசம்மா என்னையே பார்த்தார்.

"இன்னா சார், நான் சொன்னது வேற மாதிரி இருந்துச்சே. அவரு மூஞ்சியே மாறல. செத்துப்பூடுவாங்கன்னு சொன்னியா நீ?"

அப்போதெல்லாம் கோபம் வந்தால் மட்டும் அவர் என்னை 'நீ' என்பார். இரண்டாம் முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தன் நாட்டிலும் மருத்துவமனைகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள், முதலில் எங்களைப் பாருங்கள் என்று மக்கள் கேட்கிறார்கள், தன்னுடைய வேலையே இந்த மாதத்தோடு முடிகிறது என்றார்.

தேசம்மா அதைக் கேட்டுக்கொண்டார். "அவுங்க கேக்கறதும் நாயந்தான்" என்றார். "நிறுத்துங்க சார். ஆனா ஆரம்பிச்சவங்கள முடிச்சிட்டு நிறுத்துங்க. மாத்திர கவுருமெண்டுல குடுக்கறாங்க. அத வாயில போட வைக்க ஆளு வேணும். பாதியில உட்டா அப்பறம் எந்த மாத்திரைக்கும் அந்த நோவு அடங்காது."

சிகிச்சை ஆறு மாதம். அந்த அதிகாரி ஊருக்குப் போய்ப் போராடி மூன்று மாதம் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

அந்த மூன்று மாதத்தில் தேசம்மா செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். குணமானவர்கள் அதைவிட நிறைய. தெருத்தெருவாகப் போய், குணமான ஒருவரை நோயாளி ஒருவரோடு சேர்த்தார். "உனக்கு நான் வந்தேன்ல, இவனுக்கு நீ போ" என்பார். மறுத்தவர்கள் உண்டு. தனக்கு வந்த நோய் அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு வாசலுக்கு அவர் இரண்டாம் முறை போகவில்லை, அவர்களைப் பற்றி யாரிடமும் பேசவுமில்லை. சரி என்றவர்களைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்த் தன்னார்வலராகப் பதிய வைத்தார். அலுவலகத்தைப் பூட்டிய நாளில் மீதி இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு துணை இருந்தது, சேகரைத் தவிர.

சேகர் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை இழந்தவன். அறையைக் காலி செய்துவிட்டு எங்கே போனான் என்று தெரியவில்லை. தேசம்மாவுக்கு அதற்குள் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினார். மூன்றாவது ஞாயிறு நானும் உடன் போனேன். பூந்தமல்லிக்கு வெளியே, லாரியிலிருந்து செங்கல் இறக்கிக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"வேல பூட்சுக்கா. சோத்துக்கே வழி இல்ல, மாத்திர இன்னாத்துக்கு? வெறும் வயித்துல போட்டா கொமட்டுது" என்றான்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தேசம்மா செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, தனக்கு வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். "நைனா, முதல்ல துன்னு" என்றார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "நாளைக்கும் வரேன். நீ இங்கியே இரு" என்றார்.

சேகர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் மாத்திரை; அந்த நாள் ஒவ்வொன்றிலும் வேப்பம்பட்டிலிருந்து முதல் ரயிலில் கிளம்பி, ஆவடியில் பஸ் மாறி, அவனுக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டு அதன் பிறகு தன் வேலைக்குப் போனார். பாதியில் விட்டவர்களுக்குச் சிகிச்சை ஆறு மாதம் அல்ல, எட்டு மாதம். யாரும் அவரை அனுப்பவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. சேகர் பிழைத்தான். மற்றவர்களில் ஒரே ஒரு பெண் இறந்துபோனார். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் தேசம்மா கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை. "அந்தப் பொண்ணு" என்பார், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போன வருடம் கடலுக்கு அப்பால் மறுபடியும் பணத்துக்கு நெருக்கடி வந்தது. நான் இப்போது இருக்கும் நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. இனி வேலை இல்லை என்று களப்பணியாளர்களுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை எழுதி முடித்துவிட்டேன். அனுப்ப மனம் வராமல் வேப்பம்பட்டுக்குப் போனேன். தேசம்மா முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு உங்களுக்கு அந்த ஐரோப்பா அதிகாரி மேல கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா அந்த ஆளு எய்ந்து போவல பாத்தியா? நம்ம கேக்கற வரைக்கும் உக்காந்துகினு இருந்தாரு. நீயும் நேரா போ சார். நாற்காலி போட்டு உக்காரு. பதில் இல்லன்னா இல்லன்னு சொல்லு. ஓடாத."

ஆவடியில் ஒரு பள்ளி அறையில் எங்கள் களப்பணியாளர்களான பெண்களைச் சந்தித்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் அழுதார், ஒருவர் என்னைத் திட்டினார். "எங்கள நம்பி வந்தவங்களுக்கு நாங்க இன்னா பதில் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்படிச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

தேசம்மாவின் கால்கள் எனக்கு இல்லை. அவருடைய நெஞ்சுரமும் இல்லை. ஆனால் அன்று கடைசிப் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தேசம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது, ஓடாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு பகல்.