நான்கு பேர் மட்டும் இருந்த பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் மீனவர் சங்கச் செயலாளரிடமிருந்து மூன்று படகுகளின் எண்கள் வந்துவிட்டன. முதல் நாள் ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன விசைப்படகுகளில் அந்த மூன்றையும் எல்லை தாண்டியதாகச் சொல்லி எதிர்க்கரைக் கடற்படையினர் பிடித்துப் போயிருந்தார்கள். நான் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, அவற்றில் இருந்தவர்களின் பெயர்களை என் இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நாளிதழில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு வெளியே வந்தபின் தொடங்கிய தளம் அது. மின்தடை, பேருந்து நேரம், பள்ளி விடுமுறை என்று மாவட்டத்துச் சின்னச் செய்திகள்தான் போடுவேன். சாதாரண நாளில் ஒரு நேரத்தில் நாலைந்து பேர் பார்த்தால் அதிகம். படகு பிடிபட்ட நாளில் மட்டும் கடற்கரை முழுக்க வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் ஓடும் பட்டியல்கள் கை மாறும்போதே மாறிவிடும். என் பக்கத்தில் வந்தால்தான் நெசம் என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அந்தத் தளம் ஓடியது ஒரு ஜிபி மெமரி உள்ள வாடகை சர்வரில். அமைத்துத் தந்தவர் என் கணவரின் தம்பி. அவருக்கு வளைகுடாவில் வேலை. ஞாயிறு அங்கே வேலை நாள். வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலைச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பேச முடியும், அதாவது நமக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல்.

கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு படகுக்கும் டோக்கன் வாங்க வேண்டும். போகிறவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஆனால் காய்ச்சல், காதுகுத்து என்று ஒருவர் நின்றுவிட்டால் கடைசி நேரத்தில் வேறொருவர் ஏறிக்கொள்வார். டோக்கனில் பழைய பெயரே இருக்கும். செயலாளர் எனக்கு அனுப்பியது டோக்கன் பெயர்களை. இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏற்றினேன்.

உடனே திருத்தங்கள் வர ஆரம்பித்தன. இன்ஷியல் தப்பு, அப்பா பெயர் தப்பு, வயது தப்பு. ஒரு பிழையை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது பத்திரிகையில் கையில் ஊறிய பழக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பக்கத்தைத் திறந்து, திருத்தி, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்பதே காலுக்கு ஒருவர் கூப்பிட்டார். மூன்றாவது படகின் ஐந்து பேரில் கடைசியாக இருந்தது அவர் பெயர்.

"அக்கா, என்னையப் புடிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. நான் வீட்ல இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன். எங்க மாமனார் வீட்டு ஆளுக வேன் புடிச்சு அழுதுக்கிட்டே வந்து இறங்கிட்டாக. இப்ப அவுகளுக்கும் இட்லி ஊத்தணும். பேர எடுத்து விடுங்க."

பதிலுக்கு ஏறியவரின் பெயரையும் சொன்னார். ஒருவர் வாய்ச்சொல்லை வைத்து ஒரு பெயரைப் போடக் கூடாது, செயலாளரிடம் உறுதி செய்துகொண்டு சேர்க்கலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது பெயரை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். பக்கம் நான்கு பேருடன் ஒரு முறை திறந்தது. பிறகு தளம் விழுந்தது.

சர்வரின் நிலையைக் காட்டும் திரையில் மெமரிக் கோடு உச்சியைத் தொட்டு அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறுபடி விழுந்தது. பக்கம் திறக்கக் காத்திருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. பட்டியலைத் திருத்த நான் உள்ளே நுழையும் வாசலும் அதே சர்வரில்தான் என்பதால் எனக்கும் திறக்கவில்லை. கொழுந்தனார் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து, சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் திரை வழியாக, ஒரே நேரத்தில் எத்தனை வாசகர்களைக் கவனிக்கலாம் என்ற எண்ணை ஐந்திலிருந்து இருபதாக்கினேன். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு. இந்த முறை அரை நிமிடத்தில் விழுந்தது.

அதற்குள் நான்கு பேர் இருந்த அந்தப் பக்கத்தை யாரோ படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு எனக்கே மூன்று குழுக்களிலிருந்து அது வந்தது. பத்தே காலுக்கு ஒரு பெண் கூப்பிட்டார். பதிலுக்கு ஏறியவரின் மனைவி.

"அந்தப் படகுல அஞ்சு பேரு, அக்கா. காலையில அஞ்சு போட்டீங்க, இப்ப நாலுதான் இருக்கு. அஞ்சாவது ஆளு எங்க?"

டோக்கன் பெயரைத்தான் எடுத்தேன், உங்கள் வீட்டுக்காரர் பெயர் இன்னும் உறுதியாகவில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு எடுத்தோம்னு அதுல எழுதலையே. புடிச்சிருந்தா என்னைக்காவது வந்துருவாரு. தண்ணியில விழுந்திருந்தா?"

செய்தித்தாளில் ஒரு பெயரை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி போடுவோம். இங்கே பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தேன்.

செயலாளரின் எண் தொடர்ந்து பிஸி. அந்தப் பெண் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் பேச்சு குறைந்தது. நான்காவது முறை பின்னால் யாரோ ஒருவர் அழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சர்வரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அது எழும்போது நானும் எழுந்து நின்றேன், விழும்போது உட்கார்ந்தேன். கணவர் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது.

பன்னிரண்டே காலுக்குக் கொழுந்தனார் போனில் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மதினி, மொதல்ல அதுலேர்ந்து கையை எடுங்க" என்றார். பிறகு எத்தனை தடவை புதுப்பித்தேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவரே பார்த்து முப்பத்து நான்கு என்றார்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பக்கத்தின் ஒரு தயார் நகலை சர்வர் எடுத்து வைத்திருக்கும். எத்தனை பேர் வந்தாலும் அந்த நகலை நீட்டிவிடும், மெமரி அதிகம் செலவாகாது. நான் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த நகல் அழிந்துபோகும். புது நகல் உருவாகும் வரை வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டலும் கொஞ்சம் மெமரியைத் தின்னும். மெமரி தீர்ந்ததும், எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கும் தரவுத்தளத்தை இயந்திரம் தானே கொன்றுவிடும். நான் ஏற்றிவிட்ட இருபது என்ற எண், தின்னும் வாய்களைத்தான் கூட்டியிருந்தது. கூட்டத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் முதலில் வந்த ஒரு மணி நேரமும் சர்வர் தாங்கித்தான் இருந்தது.

அவர் அந்த எண்ணை மூன்றாகக் குறைத்தார். பட்டியலை வெறும் எழுத்தாக அனுப்பச் சொன்னார். தரவுத்தளமே தேவைப்படாத தனிக் கோப்பாகப் போட்டுவிடலாம்.

"அஞ்சாவது பேரு?" என்றார்.

"உறுதியாகலை தம்பி."

"அப்ப அதையே எழுதுங்களேன்."

எழுதினேன். 'இப்படகில் ஐந்தாவதாக ஒருவர் சென்றுள்ளார். பெயர் உறுதி செய்யப்படுகிறது.' மூன்று மணி நேரத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய வரி. பக்கம் திறந்தது. மெமரிக் கோடு பாதிக்குக் கீழே இறங்கி நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார். அந்தக் கரையிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. மூன்றாவது படகில் ஐந்து பேர், ஐந்தாவது பதிலுக்கு ஏறியவர்தான். பெயர்களை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். மூன்று படகுகளின் திருத்தங்களையும் சேர்த்து ஒரே தடவையில் ஏற்றினேன். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். ஆனால் நன்றி சொல்லவோ திட்டவோ இல்லை.

"எங்க மாமியா நம்ப மாட்டேங்குறாக அக்கா. அந்த நாலு பேரு படம் இன்னமும் வந்துக்கிட்டே இருக்கு. நான் ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாக. நீங்களே சொல்லுங்க."

போன் கை மாறியது. நான் படகு எண்ணைச் சொல்லி, ஐந்து பெயர்களையும் அப்பா பெயரோடு வாசித்தேன். முடித்ததும் அந்த அம்மாள் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். இந்த முறை நான்காவது பெயர் வந்ததும், "இரு தாயி, இரு" என்று நிறுத்தினார். வேறு யாரையோ பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைக்கும் சத்தம் கேட்டது.

"ம். இப்பச் சொல்லு" என்றார்.